குடம்பி

ஜம்பட்டா வீதியில் கடை வைத்திருக்கிறேன்.
போட்டோக் கொப்பி, ஸ்கேன், விண்ணப்பம் நிரப்பல்.
திங்கள் காலை ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பார்த்தால்
மூன்று மாதமாய் இழுத்து இழுத்து மூச்சுவிட்ட கொம்பியூட்டர்
ஒரே தம்மில் எழும்புகிறது.
திரையில் மும்மொழியில் ஓர் அறிவித்தல்:
உங்கள் கணினியிலிருந்த தீங்கான கோப்பு அகறப்பட்டது.
நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.

அகற்றும்போது ஓர் எழுத்தையும்
சேர்த்து அகற்றிவிட்டார்கள்.
பிழையைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது:
அரசாங்கமேதான்.

நிஸ்தார் வந்து நோண்டிப் பார்த்தான்.
"நீங்க ஷட்டரைப் பூட்டிட்டுப் போறது, இத ஓஃப் பண்றதில்ல.
இது ராவைக்கு வேற வேலைக்குப் போயிருக்கு.
ஆயிரம் மெஷினோட சேர்ந்து
ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசல
விடிய விடிய இடிச்சிருக்கு."
என் மெஷினா?
பகலில் பிறப்புச் சான்றிதழ் அச்சடிக்கும் இதுவா?
தவணைக் காசு இன்னும் இரண்டு பாக்கி.

போன வருஷம் வீட்டுக்கு டெங்குக்காரர் வந்தார்.
தட்டினார். திறந்தேன்.
பிரிட்ஜுக்குப் பின்னால் தட்டத்தை இழுத்து
கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் காட்டினார்:
காற்புள்ளிகள்போல் நெளிந்தன குடம்பிகள்.
நான் வளர்த்தவை.
வெட்கத்தோடு கையெழுத்திட்டேன்.
தண்டத்தை முணுமுணுக்காமல் கட்டினேன்.
மேல்மாடிப் பிள்ளைக்கு அன்று
காய்ச்சல் நாலாம் நாள்.

அதற்கு முன்பும் தட்டியிருக்கிறார்கள்.
வெள்ளவத்தையில், வாடகை அறையில்,
இரவு ஒன்றரைக்கு, பூட்ஸால்.
மெத்தையைப் புரட்டினார்கள்.
எத்தனை பேர், எந்த ஊர், ஏன் வந்தாய்.
ஒருவன் என் கடிதமொன்றைத்
தலைகீழாய்ப் பிடித்து வாசித்தான்.
மொழி தெரியாததால் கடிதம் தப்பியது.

இப்போது வந்து போனதற்கு
எல்லா மொழியும் தெரியும்.
காலடி இல்லை. தாழ்ப்பாள்கூட அசையவில்லை.

மெஷின் என்னுடையது, சரி.
உள்ளே இருப்பவை?
பிலிப்பாப்பிள்ளையின் பயோப்சி முடிவு.
ரொசாலின் புருஷனுக்குத் தெரியாமல் திறந்த கணக்கு.
மட்டக்குளியிலிருந்து வருஷாவருஷம் வரும் ஒரு தாய்
திகதியை மட்டும் மாற்றச் சொல்லி
மகனின் வயதை அப்படியே விடும் முறைப்பாடு.
குடம்பியை அள்ளிய கை
இவற்றைத் தாண்டித்தானே போயிருக்கும்.
கண்ணை மூடிக்கொண்டா போயிருக்கும்?

உண்மையையும் சொல்லிவிடுகிறேன்.
நிஸ்தார் மாசியிலேயே சொன்னான், வைரஸ் மாதிரி இருக்கு என்று.
மூவாயிரத்து ஐந்நூறு கேட்டான்.
ஈஸ்டர் முடியட்டும் என்றேன்.
முடிந்தது. நானும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை.
அவர்கள் முறையாய் வந்து தட்டியிருந்தால்
நாளைக்கு வாங்கோ என்றிருப்பேன்.
அந்த நாளைக்குள்
ஆஸ்பத்திரியில் யாரோ ஒருத்தியின் பெயர்
திரையில் ஏறாமல்
வாங்கிலேயே உட்கார்ந்திருந்திருக்கும்.

"எந்த வழியா வந்தாங்க?"
"பூச்சி வந்த ஓட்டையாலதான்."
"போகக்குள்ள அத அடைச்சிட்டா போனாங்க?"
நிஸ்தார் பிளேன்டீயை ஊதினான்.

அறிவித்தலை அச்சடித்தேன்.
விட்டுப்போன எழுத்தைப் பேனையால் சேர்த்தேன்.
கீழே அடிமட்டம் வைத்து
கையெழுத்துக்கு ஒரு கோடு இழுத்து
டெங்குத் தண்டச் சீட்டுக்குப் பக்கத்தில்
ஒட்டி வைத்திருக்கிறேன்.
பேனை, நூலில் தொங்குகிறது.