நாற்பது நிமிடம்

டிசம்பரில் ஐஸ்லாந்துச் சூரியன்
பதினொரு மணிக்குமேல் எட்டிப் பார்த்து
மூன்றரைக்குள் நழுவிவிடும்,
கடன்காரனைத் தெருவில் கண்டவன் மாதிரி.

மற்ற நேரமெல்லாம் எங்கள் கண்ணாடிக்கூடம்தான்
இந்தப் பள்ளத்தாக்குக்குப் பகல்.
மேலே சோடியம் விளக்குகள். கீழே
நூல் பிடித்து ஏறும் ஆறாயிரம் தக்காளிக் கொடி.
வெளியே பனிப்புயல்;
உள்ளே அரைக்கைச் சட்டையில்
பக்கக்கிளை கிள்ளுகிறேன், நான் ஆர்ன்தீஸ்.
விரலில் பச்சைக் கறை. சோப்புக்கு மசியாது.

இலை தின்பது விளக்கை.
விளக்கு தின்பது ஆற்றை.
ஆறு பனிமலை உருகியது.
அந்தப் பனியைக் கடலிலிருந்து தூக்கியது
நான் பிறக்குமுன் அடித்த ஏதோ ஒரு வெயில்.
சுற்றி வளைத்தாலும் வெயில்தான்.
என்ன, கொஞ்சம் பழையது.
இலை முகம் சுளிப்பதில்லை.

ஓர் ஒளித்துகள் பச்சையத்தில் மோதும்.
ஓர் எலெக்ட்ரான் துள்ளும்.
அதைக் கீழே விழ விடமாட்டார்கள்;
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கடத்துவதுபோல்
கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோவார்கள்.
காலியான இடத்தை நிரப்பத்
தண்ணீர் உடைபடும்.
உடைந்ததில் வேண்டாததென்று
இலை வெளியே தள்ளுவது எதுவோ
அதுதான் என் மூச்சு.

அன்றிரவு எட்டேகாலுக்கு
எங்கோ கம்பியில் பனி கட்டி,
எல்லாம் அணைந்தது.
ஹாலந்திலிருந்து அட்டைப்பெட்டியில் வந்த தேனீக்கள்
பறந்தபடியே வழி தொலைத்துப்
பொத்துப் பொத்தென்று விழுந்தன.
தோர்கில்ஸ் ஜெனரேட்டரைக்
கெட்ட வார்த்தை சொல்லி எழுப்பினான்.
அது எழவில்லை.

வாளிவரிசை கலைந்திருக்கும்.
சேர்த்த சர்க்கரையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்
கொடி தானே எரிக்கத் தொடங்கியிருக்கும்,
என்னைப் போல,
நான் இழுக்கும் காற்றையே இழுத்து,
நான் விடுவதையே விட்டு.
இருட்டில்
யார் சமைப்பவர், யார் உண்பவர் என்றில்லை.
எல்லோரும் செலவாளிகள்.

பசித்தது.
தடவிப் பறித்ததைக் கடித்தேன்.
காய். பல் கூசும் புளிப்பு.
இன்னும் எத்தனை நாள் வெளிச்சம்
பாக்கியிருந்ததோ அதற்கு.

ஐந்து குறைய ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது.
சோடியம் உடனே விழிக்காது:
முதலில் ஈறு நிறத்தில் ஒரு சிவப்பு,
பிறகு மெல்ல மஞ்சள்.
காலடியில் ஒரு தேனீ
இறக்கையை உதறிப் பார்த்தது.

கடித்த காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
விட்ட வரிசையைத் தேடிப் போனேன்.