ஓ வளையம்

கேஷே டாட்ஸனை நேரில் பார்த்தது இரண்டே முறை.
மற்றபடி முப்பத்தோராண்டு,
கீலுக்கும் க்ரோனிங்கனுக்கும் நடுவே
காகிதத்தில்தான் எங்கள் சண்டை.

அவர் தேடியது ஒரு கார்பீன்.
நான்கு கை வேண்டிய கரியணு
இரண்டே கையோடு நிற்கும் கணம்.
குடுவையில் போட்டதற்குப் பெயர் உண்டு,
வடித்தெடுத்ததற்கு உருகுநிலை உண்டு, சீசா உண்டு, சீட்டு உண்டு.
நடுவில் வந்துபோனதற்கு
ஓர் அம்புக்குறி மட்டும்.
இடைச்சொல் மாதிரி:
தனியே நிற்காது,
அது இல்லாமல் வாக்கியம் திரும்பாது.

தனியே நிறுத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பினார்.
பத்து கெல்வின் குளிர்.
உப்புப் படிக ஜன்னலில்
ஆர்கான் பனியாய்ப் படியும்.
அதற்குள்ளே ஒன்றையொன்று தொடாத தூரத்தில்
டையசோ மூலக்கூறுகள்.
புற ஊதா விளக்கை ஏற்றினால்
நைட்ரஜன் கழன்றுகொள்ளும்.
மிச்சம் இருப்பது
யாரையும் தொட முடியாமல்
இருந்தே ஆகவேண்டும்.

எழுபத்தொன்பதில் அறிவித்தார், கண்டுவிட்டதாக.
அகச்சிவப்பில் ஒரு கோடு, எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில்.
எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது,
வேலை நிரந்தரமில்லை.
வயிற்றெரிச்சல் என்பதைவிட மரியாதையான சொல்
இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆறு மாதம் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன்.
கனத்த ஆக்சிஜனை வேண்டுமென்றே கலந்தேன்.
கோடு எண்ணூற்றைம்பதுக்கு இறங்கியது.
கார்பீனில் ஆக்சிஜன் ஏது?
அவர் பார்த்தது கார்பீன் அல்ல,
கார்பீன் காற்றைக் கடித்தபின் ஆன பொருள்.
எங்கோ கசிவு.

என் கட்டுரை ஒன்றரைப் பக்கம்.
வேலை நிரந்தரமாயிற்று.

கடிதம் வந்தது:
“டாக்டர் ஹூக்ஸ்ட்ரா, நீங்கள் சொல்வது சரி.
மூன்றாவது மூட்டில் ரப்பர் வெடித்திருக்கிறது.
நன்றி என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.”

நான்கு வருடம் கழித்து ஓர் அஞ்சலட்டை.
படத்தில் வற்றிய கடல்.
பின்புறம் ஒரே சொல்: நன்றி.

எண்பத்தெட்டு பிப்ரவரி, இரவு இரண்டு மணி, தொலைபேசி.
“ஆரஞ்சு நிறம்” என்றார்.
“இப்போது மூட்டெல்லாம் இண்டியம் கம்பி.
பனிக்குள் ஆக்சிஜன் நானே அளந்து வைத்தது மட்டும்.
இங்கே யாரும் இல்லை, அதனால்தான் உங்களை எழுப்பினேன்.”

நான் சொன்னது, வெட்கமாய் இருக்கிறது:
“சூடாக்கிப் பாருங்கள்.”

வேறு வழி கிடையாது.
முப்பத்தைந்து கெல்வினில் ஆர்கான் இளகும்,
ஆக்சிஜன் நடக்கத் தொடங்கும்.
ஆரஞ்சு அழிந்து பழைய கோடு பிறந்தால்
முன்பு இருந்தது அதுதான்.
இருந்தது என்பதற்குச் சாட்சி
அது காணாமல்போகும் விதம்.

“தெரியும்” என்றார்.
“கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறேன்.”

ஆறு மணிவரை பார்த்திருக்கிறார்.
குறிப்பேட்டில் அந்த நான்கு மணி நேரத்துக்கு
ஒரு வரியும் இல்லை.
பிறகு ஆரஞ்சு போயிற்று,
எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு எழுந்தது.
நான் தவறென்று நிரூபித்த அதே கோடு.

இரண்டாம் சந்திப்பு ஹாம்பர்க் ரயில் நிலையத்தில்.
ஃபோர் தீவில் பிறந்தவர்.
கடல் வற்றும்போது அடுத்த தீவுக்கு
நடந்தே போவோம் என்றார்.
“நடுவழி எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.
“சேறு. காலணியைக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும்.”
என் வண்டி சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது.

ஓய்வுபெற்ற வாரம் ஓர் உறை அனுப்பினார்.
உள்ளே விரல் தடிமனுக்குக் கறுப்பு ரப்பர்,
ஓரிடத்தில் வெடிப்பு.
சீட்டில்: மூன்றாவது மூட்டு.

ஓ வளையம் என்பார்கள் அதை.
எங்கள் தொழிலின் சொல்லே அந்த ஓதான்:
கார்பீனோ, வேறோ,
கண்டேனோ, கசிவோ.

சைக்கிள் சாவியில் கோத்திருக்கிறேன்.
மழைநாளில் கொஞ்சம் ஒட்டும்.