எண்பத்தொன்பது பாகை

டோர்ட்முண்டில் யூலை.
கூரைக்குக் கீழே ஒற்றை அறை.
எண்பத்தொன்பது பாகையில்
மடிக்கணினிக்கு மூச்சிரைத்தது.

உறைந்த பட்டாணிப் பொதியை
அடியில் வைத்துப் பார்த்தேன்.
மேசை நனைந்ததுதான் மிச்சம்.

நள்ளிரவில் பத்துத் திருகாணி கழற்றினேன்.
ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டது, போகட்டும்.
விசிறியின் வாயில்
கம்பளியாய்த் திரண்ட தூசி:
போர்வை நூல், தாளிதப் பிசுக்கு,
யாருடையதென்று தெரியாத ஒரு நரைமயிர்.
பல்குத்தும் குச்சியால் கிண்டி எடுத்தேன்.
காய்ந்த பசையைச் சுரண்டி
மிளகளவு புதிதாய் வைத்து
மூடினேன்.

ஐம்பத்திரண்டு.
சுற்றுகிறதா என்று
காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அப்போதுதான்
சுவருக்கு அந்தப்பக்கம்
எக்கார்ட் இருமினார்.
நின்று, மறுபடியும்.

மூன்று வருசமாகவா?

பட்டாணி இளகிக் கிடக்கிறது.
ஒரு சூப் வைக்கலாம்.
கதவைத் தட்ட
இது நேரமா, தெரியவில்லை.