மார்ச் முப்பத்தொன்று, இரவு

சம்மாந்துறையில் எங்கள் கேற்றை லொறி தாண்டியது
பின்னேரம் நாலே முக்காலுக்கு.
நூற்றிருபது றப்பர் ரோலர், நாற்பது சல்லடைத் தட்டு,
பன்னிரண்டு புல்லி.
எல்லாம் ஹிங்குராக்கொடையில்
தயாவங்சவின் நெல் ஆலைக்கு.

"கேற்றால போனா வித்ததுதானே புள்ள"
என்கிறார் உதுமாலெவ்வை முதலாளி.
கையில் பிளேன்ரீ.
கண் என் திரையின் கடைசி வரியில்.
அந்த வரிக்குப் பதினெட்டு லட்சம் குறைகிறது;
வங்கிக்காரரிடம் வாய்விட்டுச் சொன்ன தொகை அது.
லொறியில் இருப்பது பதினெட்டு லட்சத்து இருபதாயிரம்.

ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன்.
ஆலை வாசலில் இறக்கி, எண்ணி, அவர்கள் ஒப்பமிட வேண்டும்.
அதுவரை வீதியில் ஓடுவது எங்கள் றப்பர்,
கவிழ்ந்தால் எங்கள் பள்ளம்.

"அப்ப கொக்கட்டிச்சோலைச் சங்கம் தந்த காசி?
பெட்டிக்குள்ள கிடக்கே, அதையாவது போடு."
அது முற்பணம், ஹாஜி.
இரும்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.
வார்ப்பு இன்னும் மணலிலிருந்தே எழும்பவில்லை.

"அக்கரைப்பற்று மஜீதுட சாமான்?
பேரெழுதி வெச்சிருக்கம்."
சோக்கால் எழுதியது.
அவர் எழுதவில்லை, றிஸ்வி எழுதினான்.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

போன நோன்பில், இருபத்தொன்பதாம் இரவு,
கடற்கரையெல்லாம் மேகம்.
மேகத்துக்குப் பின்னால் பிறை இருக்கும் என்றார்கள்,
இருந்தும் இருக்கலாம்.
கண்டவன் வந்து சொல்லட்டும் என்று
பள்ளியில் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு நின்றவர்
நீங்கள்தானே?

"அது மார்க்கம். இது யாவாரம்."

எட்டுப் பத்துக்கு வாழைச்சேனையிலிருந்து
அரசரெத்தினம் எடுத்தான்: ரயர் மாற்றியாச்சு.
பத்தரைக்குப் புணானையிலிருந்து: ரோட்டில் யானை.
பதினொன்றுக்கும் யானை.
"ஹோர்ன் அடிக்கச் சொல்லு."
"அடிக்கலாம் மிஸ்,
பிறகு என்னை எந்தக் கணக்கில எழுதுவீங்க?"

முதலாளி தயாவங்சவுக்கே எடுத்துவிட்டார்.
பாதி சிங்களம், பாதி சிரிப்பு.
அவர் நல்ல மனிதர்,
நாளை ஒப்பமிட்டு நேற்றின் தேதி போட
அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.
ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்து
என்னைப் பார்த்தார்.

சொல்லத்தான் வேண்டும்:
இலக்கைத் தொட்டால் எனக்கும் ஒரு மாதச் சம்பளம்.
மகன் கல்முனைக் கடையில் ஒரு சைக்கிளின்
மணியை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.
மூன்று என்ற மாத எண்ணை
நான் அடித்தேன். அழித்தேன்.
திரும்ப அடித்தேன்.

பன்னிரண்டு கடந்தபோது
எதுவும் நடக்கவில்லை.
பக்கத்து வளவில் ஒரு நாய்,
திரையின் மூலையில் இலக்கம் மாறியது,
அவ்வளவுதான்.

எழுதினேன்: வழியில் உள்ள சரக்கு,
பதினொரு லட்சத்து நாற்பதாயிரம், கிரய விலைக்கு.
மிச்சம், நாங்கள் இலாபம் என்று கூப்பிடுவது,
புணானைக் காட்டோரம்
லைற்றை அணைத்துவிட்டு நிற்கிறது.

முதலாளி திட்டவில்லை.
செருப்பைத் தேடினார், காலில்தான் இருந்தது.

மறுநாள் அந்திக்கு லொறி திரும்பியது.
எண்ணெய் படிந்த ஒப்பத் துண்டு,
ஏப்ரல் ஒன்று, விடிய மூன்று மணி.
ரோலர் நூற்றுப் பதினெட்டு.
இரண்டில் வெடிப்பு, திருப்பி அனுப்புகிறோம்.
கீழே தயாவங்சவின் சிங்களக் கையெழுத்து,
வண்டில் சில்லுகள் போல உருண்டபடி.

ஆக, நேற்றிரவு நாங்கள் சண்டை பிடித்த தொகை
எந்த நாளுக்கும் சரியான தொகை இல்லை.

முதலாளி துண்டை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு தரம் வாசித்தார்.
பிறகு அரசரெத்தினத்திடம் கேட்டார்:
"யானை எத்தின?"

"ரெண்டு ஹாஜி.
ஒண்டு குட்டி."