“உரிமையாளர்” எனப்படுபவர்

பழைய துணைவிதியில் குதிரைக்கு ஒரு பக்கம் இருந்தது,
கழுதைக்கு அரைப்பக்கம்.
வெட்டச் சொன்னார் ஆணையாளர். வெட்டினேன்.
லாயத்தின் நீள அகலம், வைக்கோல் அடுக்கும் முறை,
சாணத்தை வாவியில் கொட்டினால் இரண்டு ரூபாய் தண்டம்,
எல்லாம் ஒரே அழுத்தில் போயின.

பதிலுக்கு வந்தவை:
பத்துப் பேர்ச்சுக்கு ஆறு கோழி.
ஆடென்றால் இரண்டு, மதிலிலிருந்து ஐந்தடி தள்ளி.
நாய்க்குத் தடுப்பூசி அட்டை.
லவ்பேர்ட்ஸுக்கு ஒன்றும் வேண்டாம்.
எருமை கூடவே கூடாது
(திமிலதீவார் கேட்டால் சிரிப்பார்கள்,
அங்கே எருமைதான் மனிதரை எண்ணி வைத்திருக்கிறது).

ஒன்பதாம் வாசகம்:
இரவு பத்து முதல் காலை ஐந்து வரை
அயலாரின் உறக்கம் கெடும்படி
கூவுகின்ற, குரைக்கின்ற, கத்துகின்ற
எந்தப் பிராணியும்.

அந்த வாசகத்துக்கு வித்து ஒரு மொட்டைக் கடிதம்.
“வரி செலுத்தும் நகரவாசி” என்று முடியும்.
இருபத்துமூன்று நாள் குறிப்பு இணைத்திருந்தது,
சேவல் கூவிய நேரம், எத்தனை முறை.
கோப்பில் சேர்த்து முத்திரை குத்தியது நான்.
எழுதியதும் நான்.

நாவற்குடாவில் என் படுக்கையறை யன்னலுக்கும்
அந்தச் சேவல் தூங்கும் முருங்கைக் கொப்புக்கும்
நடுவே ஒரு தகரம் மட்டும்.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் பதினொரு பேர்.
பார் வீதி எர்வின் பல்தசார்
நத்தாருக்கு வளர்க்கும் வான்கோழி
கோழிக் கணக்கில் வருமா என்றார்.
ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்னம்
முற்றத்தில் நிற்கும் மாட்டைப் பற்றி உதுமாலெப்பை:
“கட்டுறது வேற, வளக்கிறது வேற சேர்.”
பல் வைத்தியர் ஒருவர் பூனைகளைத் திட்டிவிட்டு
நேரமாகுது என்று போனார்.

கடைசி வாங்கில் குணநாயகி.
அடுத்த வளவு. என்னைக் கண்டு தலையாட்டினா,
தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதே என்று.

“அந்தச் சாவல் என்ட இல்ல ஐயா.
காளிக்கு நேந்து விட்டது.
மகன் கட்டாரால வந்து இறங்கினா
அடுத்த சடங்குக்குக் கொண்டு போய் விடுறதெண்டு.
உரிமையாளர் எண்ட கோட்டில
நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?
அவவுக்கெல்லோ நோட்டீஸ் அனுப்பணும்.”

சபை சிரித்தது. அவ சிரிக்கவில்லை.
எத்தனை வருசம் என்றார் சுகாதாரப் பரிசோதகர்.
“நாலு போய் அஞ்சு.
முதல் சாவலக் கீரி கொண்டு போயித்து.
மறுகா இதையும் நேந்தன்.”

ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விலக்கு ஒன்று சேர்க்கலாம் என்றார்:
வழிபாட்டுக்கு நேர்ந்த பிராணிகள்,
உரிய அத்தாட்சியுடன்,
இத்தனை நாளுக்கு மேற்படாமல்.
எத்தனை என்று சொல்லவில்லை.
அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

திரும்பும்போது என் ஸ்கூட்டியில்தான் ஏறினா.
கல்லடிப் பாலத்தில் காதருகே குனிந்து,
“ஆர் அந்தக் கடிதம் எழுதினதெண்டு
ஒபிசில உங்களுக்குத் தெரிய வராதா கா?”
வாவிக் காற்று பலமாக இருந்தது.
கேட்காததுபோல் ஹோர்ன் அடித்தேன்.
முன்னால் ஒருவரும் இல்லை.

இரவு வரைவைத் திறந்தேன்.
நாள் என்ற இடத்தில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது.
தொண்ணூறு என்று அடித்துப் பார்த்தேன்.
நூற்றெண்பது என்று.
கட்டாரில் ஓர் ஒப்பந்தம் எத்தனை நாளென்று
எனக்கு எப்படித் தெரியும்.
புள்ளிகளைத் திரும்ப வைத்தேன்.

குறிப்புப் புத்தகம் இன்னும் தலைமாட்டில்தான்.
வழக்கத்தில் விழித்தேன். மூன்று இருபது.
சத்தமில்லை.
மூன்று நாற்பது. கல்முனைப் பக்கம் போகும்
மீன் லொறி ஒன்று வீட்டை அதிரவிட்டுப் போனது.
கீரியைப் பற்றி நினைத்தேன்.
எழுந்து யன்னலைத் திறந்தேன்.

நாலு ஐந்து. கூவிற்று.
எழுதினேன்: நாலு ஐந்து, ஒரு முறை,
நாற்பத்தைந்து நிமிடம் பிந்தி.
பேனையை மூடாமல்
இரண்டாவதற்குக் காத்திருந்தேன்.