ஒன்பதில் ஐந்தாவது

எலிவேட்டர் மோட்டார் உதறி எழும்போதெல்லாம்
கேமராவின் கண்ணில் உப்பும் மிளகும்.
புதுவயல் மில்லில் இரவு ஷிப்டு.
நல்ல அரிசியைக் கறுப்பென்று துப்புகிறது மெஷின்.
“காசைல்ல துப்புது” என்றார் காத்தமுத்து.

சராசரி போட்டேன்.
புள்ளி கரைந்தது. கூடவே
குறுணையின் முறிந்த முனையும் மழுங்கி
முழு அரிசியாய்ப் பாஸாகிவிட்டது.

பிறகு, சந்தேகப் புள்ளியைச்
சுற்றியுள்ள எட்டோடு
சிறிசு பெரிசாய் வரிசையில் நிறுத்தி
நடுவில் நிற்பதை நம்பச் சொன்னேன்.
தனியாய்க் கறுத்தது பொய்.
கூட்டமாய்க் கறுத்திருந்தால் அழுகல்தான், தள்ளு.
முறிவு முறிவாகவே நின்றது.

மூன்றரைக்குக் கழிவுத் தட்டில் ஒரு வண்டு.
திரையில் அதற்குக் காலே இல்லை.
மயிரிழைக் கால்கள் ஆறையும்
பொய்யென்று அழித்திருக்கிறது என் ஐந்தாவது.

காத்தமுத்து சிரிக்கிறார்.
தட்டின் விளிம்புவரை
நடந்துவிட்டது அது.