முகத்துவாரப் பலகை

பங்குனி கடைசியில் ஒரு காலை
விமானம் ஒன்று முதுநகரைச் சுற்றியது.
இரண்டு சுற்று. மூன்று என்கிறான் ராயப்பன்.
அவன் அப்போது கக்கூசில் இருந்தான்,
சத்தத்தை வைத்துச் சொல்கிறான்.

குண்டு போடவில்லை.
எண்ணிக்கொண்டு போயிற்று:
கொடிமரம், பதினோரு கிடங்கு,
உப்பனாற்றில் கட்டிக்கிடந்த சலங்குகள்,
மணலில் காய்ந்த வாளைமீன்,
ஞானசௌந்தரி டீச்சர் மாடியில் விரித்த வெள்ளைப் புடவை.
எந்தப் படைக்கு அது என்ன சைகை என்று
ஏதோ ஒரு தீவில், பூதக்கண்ணாடியும் கையுமாக
ஒருவன் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பான்.

ஆழம் மட்டும் படத்தில் விழாது.
அது என்னிடம் இருந்தது.

தினமும் விடியலில்
ஈயக்குண்டு கட்டிய கயிற்றை
முகத்துவாரத்தில் இறக்குவேன்.
குண்டின் அடியில் தடவிய கொழுப்பில்
ஒட்டி வரும் மணலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன்.
நேற்று ஆறு அடி. இன்று ஐந்தேமுக்கால்.
வடகரையோரம் புதுத் திட்டு.
கரைப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவேன்,
எழுத்தறியாதவர்களுக்கு அடிக்கொரு கோடு.

மறுநாள் தந்தி வந்தது:
ஆழம் இனி ராணுவ ரகசியம்.
ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன்.
நோட்டை இரும்புப் பெட்டியில் பூட்டினார் துரை.
அளப்பதை நிறுத்தச் சொல்லவில்லை யாரும்.
அளந்தேன். எழுதினேன். பூட்டினார்.

மாசிலாமணியின் சலங்கில்
மல்லாட்டை மூட்டை நூற்றிருபது.
வெளியே நங்கூரமிட்டுக் கப்பல் காத்திருந்தது.
"எத்தினி அடி, ரைட்டரே?"
தண்ணீரிலிருந்து கத்தினான்.
துரை பக்கத்தில் நின்றார்.
நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

நாலரை அடி, அன்றைக்கு.
அவனுக்கு ஐந்து வேண்டும்.

மூன்று நாள் மிதந்தது மல்லாட்டை.
பிள்ளைகள் வேட்டியால் அரித்துப் போய்
வறுத்துத் தின்றார்கள்,
உப்புப் போட வேண்டியிருக்கவில்லை.
மாசிலாமணியின் இடதுகால்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது.
ஒருநாள் கட்டையூன்றி வந்து
வெறும் பலகை முன்னால் நின்றான்.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
பீடிக்கு நெருப்புக் கேட்டான்.

வைகாசியில் விமானம் திரும்ப வந்தது,
இம்முறை ஒரே சுற்று.
கீழே, திட்டின் மேல் சரியாக,
கவிழ்ந்த சலங்கு கிடந்தது,
விலா எலும்புகள் தெரிய,
காலை வெயிலில் நீண்ட நிழலோடு.

பெட்டி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.